செப்டம்பர் 5ம் பெரியப்பாவின் மாலையும்

ஸ்ரீரங்கத்துல எங்க தெருவுல பல வீடுகள் ரயில்வே பென்ஷன்ல ஓடின வீடுகள். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல இருந்த எங்க பெரியப்பா வருஷா வருஷம் செப்டம்பர் 5 அன்னைக்கு ஒரு மாலையோட கிளம்பிடுவார். ஆசிரியர் தினத்துக்கு இவர் ஏன் போறார்னு நினைச்சிருக்கேன் :-)

அவர் போனது பொன்மலை சங்கத்திடலுக்கு.

கதை 1928ல ஆரம்பிக்குது. நாகப்பட்டினத்துல இருந்த பட்டறையை தென்னிந்திய ரயில்வே கம்பெனி பொன்மலைக்கு மாத்தினப்போ, கூடவே 3,000 பேருக்கு மேல ஆட்குறைப்புன்னு அறிவிச்சது. ஜூலையில ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். 68 வயசு சிங்காரவேலர் ஊர் ஊராப் போய்ப் பேசினார். பத்தே நாள்ல போராட்டம் முடிஞ்சுது. தோல்விதான். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் ஜெயிலுக்குப் போனாங்க. பலருக்கு வேலை போச்சு.

ஆனா சங்கம் திரும்ப எழுந்துச்சு. 1946ல போர் முடிஞ்ச நேரம். விலைவாசி ஏறிக்கிடக்கு, மறுபடி ஆட்குறைப்பு பயம். அனந்தன் நம்பியார், கல்யாணசுந்தரம் தலைமையில வேலைநிறுத்தம். செப்டம்பர் 5 அன்னைக்கு மலபார் ஸ்பெஷல் போலீஸ் திடல்ல சுட்டதுல அஞ்சு தொழிலாளிங்க செத்தாங்க. டெல்லியில நேருவோட இடைக்கால அரசு பதவியேத்து மூணே நாள்தான் ஆகியிருந்தது!

திருச்சிக்காரங்க இதை மறக்கலை. 1962லயும் 67லயும் நம்பியாரை, 71லயும் 77லயும் கல்யாணசுந்தரத்தை எம்.பி. ஆக்கினாங்க.

1948ல குறைந்தபட்சக் கூலிச் சட்டம், ஈ.எஸ்.ஐ. சட்டம், வாரம் 48 மணி நேரம்னு வரையறுத்த தொழிற்சாலைச் சட்டம் எல்லாம் வந்துச்சு. பொன்மலையால மட்டும் வந்ததுன்னு சொன்னா அது மிகை. ஆனா இந்த மாதிரி எத்தனையோ திடல்கள் இல்லாம அதுவா வந்திருக்காது.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, கொஞ்ச நாள் முன்னாடி எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரரை ஒரே மெயில்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாங்க நாப்பது பேர் இருந்தோம். எல்லாரும் குனிஞ்சு மானிட்டரையே பார்த்துக்கிட்டு இருந்தோம், நானும்தான். சாயங்காலம் அவருக்கு போன் பண்ணக்கூட தைரியம் வரலை.

எங்களுக்கு சங்கமும் இல்லை, திடலும் இல்லை. அதெல்லாம் அந்தக் காலம்னு பெரியப்பாகிட்ட ஒருதடவை நானே நக்கலடிச்சிருக்கேன். அவர் பதில் சொல்லலை. சட்டையை மாட்டிக்கிட்டு கிளம்பிட்டார்.

இப்போ பெரியப்பா இல்லை. இந்த செப்டம்பர் 5க்கு மாலை வாங்கிட்டு நான் போறேன். அந்தப் பக்கத்து சீட்டு நண்பரையும் கூப்பிடணும். திருச்சிப் பக்கம் இருக்கிற மக்கள் யாராவது வர்றீங்களா?