டெபியன்

டெபியன் என்பது உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரிக்கும் லினக்ஸ் வழங்கல். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கினார். ரெட் ஹாட், சூசே ஆகியவற்றுக்கு இருப்பதுபோல இதற்கு உரிமையாளர் நிறுவனம் இல்லை. திட்டத் தலைவரை உறுப்பினர்களே ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பயனர் எண்ணிக்கையைவிட வழித்தோன்றல்களிலேயே இதன் செல்வாக்கு மிகுதியாகத் தெரிகிறது. கனோனிக்கல் நிறுவனத்தின் உபுண்டு (2004), ராஸ்பெரி பை கணினிகளின் இயங்குதளம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவை டெபியனை அடிப்படையாகக் கொண்டவை. 1997இல் இத்திட்டம் வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகளே, மறு ஆண்டு வெளியான திறமூல வரையறைக்கு மூலம்.

எனினும், அடித்தளக் கூறுகளில் பெருநிறுவனங்களின் கை ஓங்கியுள்ளது. ரெட் ஹாட் பொறியாளர்கள் முன்னின்று உருவாக்கிய சிஸ்டம்டியை, கடும் விவாதத்துக்குப்பின் 2014இல் டெபியன் இயல்புநிலைத் தொடக்க அமைப்பாக ஏற்றது. ஏற்காதோர் பிரிந்து டெவுவான் வழங்கலைத் தொடங்கினர்.