பயணப் பெட்டியும் சுங்க எல்லையும்: தென்கொரிய ஒப்பனைப் பொருள் வணிகத்தில் பயணிகளின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

வெளிநாட்டுப் பயணத்தின்போது சருமப் பராமரிப்புப் பொருள்களையும் ஒப்பனைப் பொருள்களையும் வாங்கும் வழக்கம் பொதுவாகத் தனிமனித விருப்பத்தின் விளைவாகவே கருதப்படுகிறது. தென்கொரியாவின் வரலாற்றை முன்வைத்து, இவ்வழக்கம் வரி, இறக்குமதிக் கட்டுப்பாடு, நுகர்வோரின் நம்பிக்கை ஆகியவற்றில் இரு நாடுகளுக்கு இடையே நிலவும் வேறுபாட்டால் உருவாவது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவ்வேறுபாடு பெருகும்போது பயணி வணிகராக மாறுவதும், அவரை நம்பி வளர்ந்த சந்தை அரசுகளின் முடிவுகளுக்கு ஆட்படுவதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒப்பனைப் பொருள், தென்கொரியா, சுங்கவரியில்லாக் கடை, மியோங்டோங், தாய்கோ, குருவி

முன்னுரை

நாடுகளுக்கு இடையிலான வணிகத்தை ஆராயும் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கப்பல் சரக்கு, இறக்குமதி உரிமம், வணிக ஒப்பந்தம் ஆகியவற்றையே சான்றுகளாகக் கொள்கின்றன. பயணி ஒருவர் தம் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லும் பொருளுக்கு அவற்றில் இடம் கிடைப்பது அரிது. அது சொந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்னும் வகைக்குள் அடங்குவதால் சரக்கு ஏற்றுமதிக் கணக்கிலும் சேர்வதில்லை. எனினும் இத்தகைய பொருள்கள் ஒன்றுதிரளும்போது ஒரு நகரின் கடைவீதியையே மாற்றியமைக்கும் அளவுக்குப் பெருகுவதுண்டு.

ஒப்பனைப் பொருள்கள் இவ்வகை வணிகத்துக்கு மிகவும் ஏற்றவை. அவை எடை குறைந்தவை, எளிதில் கெடாதவை, முத்திரை பிரிக்கப்படாத பெட்டிகளில் கிடைப்பவை, அளவில் சிறியனவாயினும் விலையில் உயர்ந்தவை. இவற்றோடு, தோலில் பூசப்படும் பொருள் என்பதால் அதன் உண்மைத்தன்மை குறித்து வாங்குவோர் கொள்ளும் அச்சமும் சேர்கிறது. ஆகவே, பொருள் எங்கே, யாரிடம் வாங்கப்பட்டது என்பதும் அதன் மதிப்பின் ஒரு பகுதியாகிறது.

தென்கொரியா இதனை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். வெளிநாட்டு ஒப்பனைப் பொருளுக்காக ஏங்கிய நாடாக இருந்து, அரை நூற்றாண்டுக் காலத்துக்குள் அயல்நாட்டார் ஒப்பனைப் பொருள் வாங்குவதற்கெனத் தேடி வரும் நாடாக அது மாறியது. இவ்விரு நிலைகளிலும் செயல்பட்ட காரணம் ஒன்றே என்பது இக்கட்டுரையின் கருத்து.

தடையும் ஏக்கமும்

கொரியாவின் நவீன ஒப்பனைப் பொருள் வரலாறு பார்க் முகமாவிலிருந்து தொடங்குவதாகக் கூறுவது மரபு. சோலில் துணிக்கடை நடத்திய பார்க் சுங்ஜிக்கின் குடும்பத்தார் 1910களின் நடுப்பகுதியில் இதனை உருவாக்கினர். துணி வாங்குவோருக்கு இலவச இணைப்பாக வழங்கப்பட்ட அம்மாவு, பின்னர் தனியே விற்கப்பட்டுப் பெரும் புகழ்பெற்றது. அதில் கலந்திருந்த ஈயத்தால் விளைந்த தீங்கு வெளிப்பட்டதும் விற்பனை சரிந்தது. 1937-இல் உற்பத்தி நின்றது. உள்நாட்டுப் பொருளின் மீது படிந்த ஐயம் எளிதில் நீங்குவதன்று என்பதற்கு இது தொடக்கச் சான்றாகும்.

1945-இல் சோ சுங்வான் நிறுவிய தேபியோங்யாங் நிறுவனமே இன்றைய அமோர்பசிபிக். கேசோங் நகரில் காமெலியா விதை எண்ணெயைத் தயாரித்து விற்ற அவருடைய தாயார் யுன் டோக்ஜோங்கின் தொழிலே இதற்கு அடித்தளம். கொரியப் போருக்குப் பின்னர் அமெரிக்கப் படைத்தளங்களின் அங்காடிகளிலிருந்து வெளிநாட்டு ஒப்பனைப் பொருள்கள் கள்ளத்தனமாகச் சந்தைக்குக் கசிந்தன. பிரெஞ்சு நாட்டுக் கோட்டி முகமாவு அவற்றுள் பெரிதும் விரும்பப்பட்டதாகும்.

1961-இல் இயற்றப்பட்ட சட்டம் குறிப்பிட்ட வெளிநாட்டுப் பொருள்களின் விற்பனையைத் தடைசெய்தது. அந்நியச் செலாவணியைச் சேமிப்பதும் உள்நாட்டுத் தொழிலைக் காப்பதும் இத்தகைய தடைகளின் நோக்கங்களாக இருந்தன. விற்பனையைத் தடுத்த சட்டத்தால் விருப்பத்தைத் தடுக்க இயலவில்லை. சோலின் நம்டேமுன் சந்தையில் வெளிநாட்டுப் பொருள்கள் விற்கப்பட்ட பகுதி ‘டோக்கேபி சந்தை’ எனப் பெயர் பெற்றது. டோக்கேபி என்பது கொரிய நாட்டார் கதைகளில் வரும் குறும்புப் பூதம். சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் மறைந்து, அவர்கள் சென்றதும் தோன்றும் கடைகள் என்பதால் இப்பெயர் அமைந்ததாக விளக்கப்படுவதுண்டு.

அக்காலத்தில் சாதாரணக் குடிமக்கள் சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்ல அனுமதி இருக்கவில்லை. 1983-இல் 50 வயதைக் கடந்தோருக்கு, 20 லட்சம் வோன் வைப்புத்தொகை என்னும் நிபந்தனையுடன் அனுமதி வழங்கப்பட்டது. 1989 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுப் பயணம் அனைவருக்கும் திறக்கப்பட்டது. அதன்பின் வெளிநாடு சென்று திரும்பும் கொரியரின் பெட்டியில் மேலைநாட்டு ஒப்பனைப் பொருள் வழக்கமான அன்பளிப்பாக இடம்பெறலாயிற்று. டோக்கேபி சந்தை செய்த பணியின் ஒரு பகுதியைப் பயணியின் பெட்டி ஏற்றுக்கொண்டது எனலாம்.

சுங்கவரியில்லாக் கடையின் அமைப்பு

பயணியின் வாங்குதலுக்குச் சட்ட வடிவம் தந்தது சுங்கவரியில்லாக் கடையாகும். அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் 1947-இல் பிரெண்டன் ஓ’ரீகன் தொடங்கிய கடை இதன் முன்னோடி. ஒரு நாட்டின் எல்லையைச் சட்டப்படி கடந்துவிட்ட பயணிக்கு விற்கப்படும் பொருள் அந்நாட்டு நுகர்வாகாது என்பதே இதன் அடிப்படை.

தென்கொரியா இக்கருத்தை விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவுக்குக் கொண்டுவந்தது. 1979-இல் டொங்வா நிறுவனமும் 1980-இல் லோட்டே நிறுவனமும் சோலில் நகர்ப்புறச் சுங்கவரியில்லாக் கடைகளைத் திறந்தன. 1988 ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்னர் ஷில்லா நிறுவனமும் இத்தொழிலில் இறங்கியது. நகரில் வாங்கிய வெளிநாட்டுப் பொருளைப் பயணி உடனே பெற முடியாது. நாட்டை விட்டுப் புறப்படும் வேளையில் விமான நிலையத்தில்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு இருந்தது. கொரியாவில் தயாரான பொருளை வாங்கும் வெளிநாட்டினர் அதனைக் கடையிலேயே பெற்றுக்கொள்ளலாம். உள்நாட்டுத் தொழிலை ஊக்குவிக்கும் நோக்குடன் அளிக்கப்பட்ட இச்சலுகை, பிற்காலத்தில் ஒப்பனைப் பொருள்கள் வரி செலுத்தப்படாமலே உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பவும் வழிவகுத்தது. அதனைத் தடுக்க, சுங்கவரியில்லாக் கடைக்கு உரிய கொரிய ஒப்பனைப் பொருள்களில் தனிக் குறியீடு இடும் முறை 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

சாதாரணக் கடைகளில் வாங்குவோருக்கும் 10 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறும் வாய்ப்பு உண்டு. 2016 முதல், குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வாங்குதல்களுக்குக் கடையிலேயே இவ்வரி கழிக்கப்பட்டது. விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும் தேவை இதனால் குறைந்தது.

மியோங்டோங்: கடைவீதியின் எழுச்சி

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கொரிய ஒப்பனைத் துறையில் விலை மலிந்த ஒற்றை வணிகப்பெயர்க் கடைகள் தோன்றின. 2000-இல் இணையத்தில் தொடங்கிய மிஷா, 2002-இல் இவ்ஹா பெண்கள் பல்கலைக்கழக வட்டாரத்தில் முதல் கடையைத் திறந்து 3,300 வோன் விலையில் பொருள்களை விற்றது. 2003-இல் தி ஃபேஸ் ஷாப் மியோங்டோங்கில் தன் முதல் கடையை அமைத்தது. இன்னிஸ்ஃப்ரீ, எடியூட் ஹவுஸ், ஸ்கின் ஃபுட் முதலியனவும் அவ்வீதியில் அணிவகுத்தன.

இக்கடைகள் முதலில் உள்ளூர் இளம்பெண்களுக்காக உருவானவை. 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை ஒட்டி வோனின் மதிப்பு சரிந்தபோது ஜப்பானியப் பயணிகள் பெருமளவில் வந்தனர். பிபி கிரீம் அவர்கள் தேடிய பொருள்களுள் ஒன்று. அக்களிம்பின் மூலம் ஜெர்மனியின் தோல் மருத்துவத்தைச் சார்ந்ததாயினும் அது கொரியப் பொருளாகவே புகழ்பெற்றது. அதே 2008-இல் அமோர்பசிபிக்கின் ஐயோப் வெளியிட்ட குஷன் வகைப் பூச்சு, கொரியத் தொழில்நுட்பத்துக்குத் தனி அடையாளம் தந்தது.

2013-இல் சீனப் பயணிகளின் எண்ணிக்கை ஜப்பானியரின் எண்ணிக்கையை விஞ்சியது. 2016-இல் தென்கொரியாவுக்கு வந்த 1 கோடியே 72 லட்சம் வெளிநாட்டினருள் ஏறத்தாழ 80 லட்சம் பேர் சீனர். கடைப் பணியாளர்களுக்குச் சீனமொழி அறிவு இன்றியமையாத் தகுதியாயிற்று. அரசின் அதிகாரபூர்வ நில மதிப்பீட்டில், மியோங்டோங்கில் ஒப்பனைப் பொருள் கடை ஒன்று அமைந்துள்ள மனை 2004 முதல் நாட்டிலேயே மிக உயர்ந்த விலை கொண்டதாக இடம்பெற்று வருகிறது. முகப்பூச்சுக் கடை நாட்டின் விலையுயர்ந்த நிலத்தில் நிற்க முடிந்ததற்குப் பயணியே பெரும் காரணம்.

தாய்கோ, பொட்டாரி, குருவி

சீனப் பயணிகள் சோலில் வாங்கியதற்குத் தொலைக்காட்சித் தொடர்களின் செல்வாக்கு மட்டுமே காரணமன்று. 2016 அக்டோபர் வரை சீனாவில் ஒப்பனைப் பொருள்களுக்கு 30 விழுக்காடு நுகர்வு வரி இருந்தது. அதன்பின் சாதாரணப் பொருள்களுக்கு அவ்வரி நீக்கப்பட்டு, உயர்விலைப் பொருள்களுக்கு 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இறக்குமதி ஒப்பனைப் பொருள்கள் விற்பனைக்கு முன் பதிவும் விலங்குச் சோதனையும் கடந்தாக வேண்டிய நிலை இருந்தது. பல சாதாரணப் பொருள்களுக்கு அச்சோதனையிலிருந்து விலக்குப் பெறும் வழி 2021-இல்தான் ஏற்பட்டது. புதிய பொருள் சோலில் உடனே கிடைக்க, சீனக் கடைக்கு வரக் காலம் பிடித்தது. போலிப் பொருள் பற்றிய அச்சமும் இவற்றோடு சேர்ந்தது.

இந்த இடைவெளியில் உருவானதே ‘தாய்கோ’. பிறருக்குப் பதிலாக வாங்குதல் என்பது இச்சீனச் சொல்லின் பொருள். தாய்கோ வணிகர் கடையில் நின்றவாறே வீசாட் செயலி வழியாகப் பொருளின் படத்தையும் ரசீதையும் அனுப்பி நம்பிக்கையைப் பெற்றார். கொரியர் இவர்களை ‘பொட்டாரி’ வணிகர், அதாவது மூட்டை வணிகர் என்றனர். சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே அடிக்கடி பறந்து, பிறருக்காகப் பொருள் கொண்டுவருவோரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘குருவி’ என்னும் சொல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சீனச்சொல் செயலையும், கொரியச்சொல் சுமையையும், தமிழ்ச்சொல் பறந்து திரும்பும் இயல்பையும் முதன்மைப்படுத்துகின்றன. மூன்றும் குறிப்பவர் ஒருவரே: பயணி என்னும் சட்டத் தகுதியைத் தொழிலாகக் கொண்டவர்.

2017-உம் அதன் பின்னரும்

2016 ஜூலையில் அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பமைப்பைத் தம் மண்ணில் நிறுவத் தென்கொரியா முடிவெடுத்தது. 2017 பிப்ரவரியில் அதற்கான நிலத்தை லோட்டே குழுமம் வழங்க இசைந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சீனா தென்கொரியாவுக்கான குழுச் சுற்றுலாவை நிறுத்தியது. சீனப் பயணிகளின் எண்ணிக்கை அவ்வாண்டில் ஏறத்தாழ 42 லட்சமாகப் பாதியளவுக்கு வீழ்ந்தது. மியோங்டோங்கின் சிறுகடைகள் வாடிக்கையாளரை இழந்தன. சீனப் பயணிகள் குறைந்ததும் உள்நாட்டுப் போட்டியும் சேர்ந்து ஒற்றை வணிகப்பெயர்க் கடைகளை வருத்தின. ஸ்கின் ஃபுட் 2018 அக்டோபரில் நீதிமன்ற மறுசீரமைப்பை நாடியது.

ஆயினும் சுங்கவரியில்லாக் கடைகளின் விற்பனை குறையவில்லை. 2016-இல் ஏறத்தாழ 12.3 லட்சம் கோடி வோனாக இருந்த அவ்விற்பனை, 2017-இல் 14.5 லட்சம் கோடியாகவும் 2019-இல் 24.9 லட்சம் கோடியாகவும் உயர்ந்தது. 2019-இல் வந்த சீனர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். 2016-ஐவிட 20 லட்சம் குறைவு. வந்தவர் குறைய, விற்பனை இருமடங்கானது. சுற்றுலாப் பயணி விட்டுச்சென்ற இடத்தைத் தாய்கோ வணிகர் நிரப்பியதையே இது காட்டுகிறது. அவர்களை ஈர்ப்பதற்காகக் கடைகள் போட்டியிட்டுத் தரகு வழங்கியதால், விற்பனை பெருகியும் ஆதாயம் சுருங்கியது.

பெருந்தொற்றுக் காலம் இதனை மேலும் தெளிவாக்கியது. 2020-இல் வெளிநாட்டு வருகை 25 லட்சமாக, அதாவது ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தது. சுங்கவரியில்லாக் கடைகளின் விற்பனையோ 15.5 லட்சம் கோடி வோன் அளவில் நின்றது. வாங்குபவர் நேரில் வந்து புறப்படாமலேயே பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அவ்வாண்டில் தற்காலிக அனுமதி அளிக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். பயணிக்காக ஏற்பட்ட ஒரு சலுகை பயணியே இல்லாமல் இயங்கிய தருணம் அது. அதே காலத்தில் மியோங்டோங்கின் வீதிக்கடைகள் பல கதவடைத்தன. அங்கே பொருளை எடுத்துக் காட்டி, கையில் பூசிப் பார்க்கச் சொல்லி விற்ற பணியாளர்களின் வேலையை அவ்விற்பனைத் தொகை காப்பாற்றவில்லை.

சீனாவும் இவ்வருவாயைத் தன் எல்லைக்குள் நிறுத்த முனைந்தது. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மின்வணிகச் சட்டம் தாய்கோ வணிகரைப் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. 2020 ஜூலையில் ஹைனான் தீவில் ஒருவர் ஓராண்டில் வரியின்றி வாங்கும் வரம்பு 30,000 யுவானிலிருந்து 1,00,000 யுவானாக உயர்த்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் கொரியாவுக்கான குழுச் சுற்றுலாத் தடை நீங்கியபோது சந்தையின் நிலை மாறியிருந்தது. 2025 ஜனவரியில் லோட்டே சுங்கவரியில்லாக் கடை, மொத்தமாக வாங்கும் மூட்டை வணிகருடனான தொடர்பை நிறுத்துவதாக அறிவித்தது.

முடிவுரை

நம்டேமுனின் டோக்கேபி சந்தையும் மியோங்டோங்கின் கடைவீதியும் எதிரெதிர்த் திசைகளில் பொருள் சென்ற களங்கள். முன்னதில் அயல்நாட்டுப் பூச்சு கொரியாவுக்குள் வந்தது. பின்னதில் கொரியப் பூச்சு அயல்நாட்டுக்குச் சென்றது. இரண்டையும் இயக்கியவை எல்லையின் இருபுறமும் வேறுபட்ட வரியும் கட்டுப்பாடும், உள்நாட்டில் கிடைக்கும் பொருளின் மீதான ஐயமுமே.

பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டோ விற்பனைத் தொகையை மட்டும் கொண்டோ இத்தகைய சந்தையின் நலத்தை அளவிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். 2017-க்குப் பிந்தைய கொரியாவில் இவ்விரண்டும் எதிர்த்திசைகளில் நகர்ந்தன; அவற்றுக்கு இடையே வீதிக்கடைகளும் அவற்றின் பணியாளர்களும் நலிந்தனர். தமிழகத்துக்கும் தென்கிழக்காசிய நாடுகளுக்கும் இடையிலான குருவிகளின் வணிகத்தையும் இந்நோக்கில், சுங்க விதிகளின் மாற்றங்களோடு பொருத்தி ஆராய்வது பயன்தரும். பயணியின் பெட்டி வணிக வரலாற்றின் புறத்தே கிடக்கும் சிறுபொருளன்று. அரசுகளின் வரிக்கொள்கை குடிமக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் இடம் அது.