இடைச்சொல்லும் நிறுத்தக்குறியும்: வில்லியனூர், பாகூர் ஆங்கில வகுப்புகளை முன்வைத்து

முன்னுரை

கவிஞர் வானிதாசனைத் 'தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்' என்பது வழக்கு. 1915இல் புதுச்சேரியின் வில்லியனூரில் பிறந்து, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சேலியமேட்டில் வாழ்ந்தவர் அவர்; தமிழோடு தெலுங்கு, ஆங்கிலம், பிரெஞ்சும் அறிந்த பள்ளி ஆசிரியர். அந்தப் பட்டப்பெயரில் அமைந்துள்ள நயம் யாது? 'லைக்', 'அஸ்' என்ற சொற்கள் இல்லாததால் 'மெட்டஃபர்' என்று விடை எழுதுவார் ஆங்கில வகுப்பு மாணவர். அடுத்த பாடவேளையில் அவரே உவமையாகுபெயர் என்பார். இரண்டும் சரியான விடைகளே. ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவை எந்த வகுப்பும் அவருக்குச் சொல்வதில்லை.

ஆங்கில அணிகளுக்கு நேரான தமிழ்க் கலைச்சொல்லைத் தந்துவிட்டால் பாடம் விளங்கிவிடும் என்று நம்புகிறோம். நிறுத்தக்குறியையோ தமிழுக்குத் தொடர்பில்லாத வெறும் குறியாகக் கருதி மனப்பாடத்துக்கு விட்டுவிடுகிறோம். உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. ஒன்றெனத் தோன்றும் அணிகளும் தொடைகளும் இரு மொழியிலும் வேறுபடுகின்றன. அயலதாகத் தோன்றும் நிறுத்தக்குறியின் பணியைத் தமிழில் இடைச்சொல்லும் உருபும் முன்பே செய்துவருகின்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

அணியும் ஒலியும்

'மதிமுகம்' என்பதில் 'போன்ற' என்னும் உருபு மறைந்திருக்கிறது. எனவே அது உவமைத்தொகை. சொற்களை இடம் மாற்றி 'முகமதி' என்றால் உருவகம். உருபு வெளிப்படையாக வந்தால்தான் உவமை என்ற ஆங்கிலப் பாட விதியை இங்குப் பொருத்தினால் மதிமுகமும் உருவகமாகிவிடும்.

தொடையில் வேறுபாடு இன்னும் பெரிது. மோனையை 'அலிட்டரேஷன்' என்றும் எதுகையை 'ரைம்' என்றும் பெயர்ப்பதுண்டு. ஆனால் மோனைக்கு இன எழுத்துகள் உண்டு. மகரமும் வகரமும் இனமாதலால் 'மழை', 'வயல்' இரண்டும் மோனை பெறும். ஆங்கிலக் காதுக்கு அங்கே ஒற்றுமை எதுவும் கேட்காது. எதுகை இரண்டாம் எழுத்தைப் பற்றியது. முதலெழுத்தின் மாத்திரையும் ஒத்திருக்க வேண்டும். 'பட்டு', 'கட்டு' எதுகையாகும். 'பாட்டு', 'கட்டு' ஆகாது. 'லைட்', 'நைட்' போன்ற இறுதி ஒலியொப்புக்கு அருகில் வருவது எதுகையன்று, இயைபு. தமிழில் 'எழுத்து' என்ற ஒரே சொல் ஒலியையும் வரிவடிவையும் குறிப்பதும் ஓர் இடர். 'சிட்டி' (நகரம்), 'கேட்' (பூனை) என்னும் சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஒலியோ வேறு. எழுத்தைப் பார்த்து மோனை காணும் பிள்ளை அங்கே தவறுகிறது.

'ஒனொமடோபியா'வை இரட்டைக்கிளவி என்பதும் பொருந்தாது. 'சலசல' ஒலிதான், 'பளபள' கண்ணுக்கு உரியது, 'கமகம' மூக்குக்கு உரியது. ஒலிக்குறிப்பு என்பது இரட்டைக்கிளவியின் ஒரு பகுதியே.

குறி செய்யும் வேலை

நெல் வயல்களுக்குப் பெயர்பெற்ற பாகூரைப் பற்றி ஒரு பிள்ளை சொல்கிறது என்று கொள்வோம்: 'நெல்லும் கரும்பும் வாழையும் விளைகின்றன.' இதில் மூன்று உம்மைகள் உள்ளன. ஆங்கிலத்தில் இவை ஒரு காற்புள்ளியாகவும் ஓர் 'அண்ட்' ஆகவும் சுருங்குகின்றன. பிள்ளையோ ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் 'அண்ட்' போடுகிறது. இதைக் கவனக்குறைவு என்பதற்கில்லை. எண்ணும்மை இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றியதன் விளைவு அது. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறது. எண் அவற்றுள் ஒன்று.

மேற்கோள் குறியும் இத்தகையதே. 'நான் வருகிறேன் என்று கந்தன் சொன்னான்' என்பதில் 'என்று' பிறர் கூற்றை முடித்துவைக்கிறது. கூற்றுக்குள் 'நான்' மாறுவதில்லை, காலமும் மாறுவதில்லை. இதை அப்படியே ஆங்கிலத்தில் 'தட்' போட்டு எழுதினால் வருபவர் கந்தன் அல்லர், எழுதுபவர் என்றாகிவிடும். நேர்கூற்று, அயற்கூற்றுப் பயிற்சியில் நேரும் பிழைகளின் வேர் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. 'என்று' மூடும் குறி மட்டுமே, ஆங்கிலத்தில் திறக்கும் குறியும் வேண்டும் என்று ஒரு முறை காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

உடைமைக் குறி மிக நுட்பமான சான்று. 'பாய்ஸ்' என்று காதில் விழும் ஒரே ஒலி பையன்கள், பையனுடைய, பையன்களுடைய என மூன்று பொருள் தரும். குறி இல்லாவிட்டால் பன்மை. குறி 'எஸ்' எழுத்துக்கு முன் நின்றால் ஒருமையின் உடைமை, பின் நின்றால் பன்மையின் உடைமை. தமிழில் 'கள்', 'உடைய' என்பவை வாய்விட்டுச் சொல்வதை ஆங்கிலம் மேலே இடும் ஒரு கீற்றில் ஒளித்துவைக்கிறது.

வினாவில் தமிழின் வளம் கூடுதல். 'நீயா போனாய்', 'பாகூருக்கா போனாய்', 'போனாயா' என ஆகாரம் எந்தச் சொல்லில் ஏறுகிறதோ அதுவே ஐயத்துக்குரியது. ஆங்கில வினாக்குறியோ தொடரின் இறுதியில் மட்டும் நிற்கும்.

வரலாற்றுச் சான்று

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு, அவ்வூரின் வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. மரபுப்படி அச்சொல் குறிக்கும் 14 துறைகளில் இலக்கணமும் யாப்பும் அடங்கும். செப்பேட்டில் வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் அடுத்தடுத்து வருகின்றன. இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லாத அக்காலத்தில், இன்னதற்கு மேற்கும் இன்னதற்கு வடக்கும் என உம்மை அடுக்கியே நில எல்லை எழுதினர். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாகக் கையாண்டார். இன்றும் தமிழ்த் தொடரில் அவற்றை எடுத்துவிட்டால் பெரும்பாலும் வாசிப்பு வேகம் குறையும், பொருள் மாறுவது குறைவு.

மறுப்பும் விடையும்

ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே கற்பிக்க வேண்டும், தமிழைக் கலந்தால் குழப்பம் மிகும் என்பர். 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியபின் இவ்வாதம் வலுப்பெறக்கூடும். ஆனால் தமிழ், பிள்ளையின் தொடரமைப்பில் முன்பே கலந்திருக்கிறது. மேற்காட்டிய பிழைகளே அதற்குச் சாட்சி. பெயர் சொல்லாததால் அது மறைந்துவிடாது. பிள்ளைகள் தொல்காப்பியம் படித்திருக்க வேண்டும் என்பதுமில்லை. 'அம்மாவும் அப்பாவும்' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

முடிவுரை

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் ஒரு கவிதைத் தொகுப்புக்கு 1800இல் எழுதிய முன்னுரை, செயற்கையான கவிதைமொழியையும் ஆளுருவக அலங்காரங்களையும் மறுத்து, மக்கள் பேசும் மொழியை வேண்டியது. அவர் பெயரைத் தன் கவிஞருக்குச் சூட்டிய மண்ணில், அணிப் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதைக் குறைத்து, பேச்சிலுள்ள 'உம்', 'என்று', 'ஆ', 'உடைய' நான்கையும் கரும்பலகையின் ஒரு பக்கத்திலும் அவற்றின் வேலையைச் செய்யும் ஆங்கிலக் குறிகளை மறுபக்கத்திலும் எழுதித் தொடங்கலாம். அணிக்கு இந்த இணைப்பட்டியல் உதவாது. அங்கே வேறுபாட்டையே பாடமாக்க வேண்டும்.