வகுப்பறைக்கு அப்பால்: பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஆசிரியரும் மாணவரும்

கல்லூரியொன்றின் வரலாறு கட்டடங்களினதும் பாடத்திட்டங்களினதும் வரலாறு மட்டுமன்று. மணி அடித்து வகுப்புக் கலைந்த பின்னர் ஆசிரியரும் மாணவரும் எவ்வாறு உறவாடினர் என்பதும் அவ்வரலாற்றின் பாற்பட்டதே.

பழைய திண்ணைக் கல்வியில் இவ்வினா எழுந்ததில்லை. ஆசிரியர் வீடே பள்ளி. பாடங்கேட்டலும் பணிவிடை செய்தலும் ஒருங்கே நிகழ்ந்தன. 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி கால அட்டவணையைக் கொணர்ந்து வகுப்பையும் வாழ்வையும் வேறுபடுத்திற்று. எனினும், மாணவர் அங்கேயே உறைந்து கற்றமையால் பழைய நெருக்கம் முற்றாக அறவில்லை.

அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணவர். அங்கு அவருக்கு ஆசிரியராயிருந்தவருள் ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாய் வெளிவந்தோர் இவ்விருவருமே. கற்பித்தவரும் கற்றவரும் ஒரே பரீட்சைக்குத் தோற்றிய இந்நிகழ்ச்சி, ஆசிரியர் தம் மாணவரோடு தாமும் மாணவராய் நிற்க நாணாத பண்பைப் புலப்படுத்துகின்றது.

ஆறுமுக நாவலர் வரலாறு இவ்வுறவின் மற்றொரு முகத்தைக் காட்டுவது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆங்கிலங் கற்ற நாவலர், பின்னர் அங்கேயே கற்பித்ததுடன் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். ஆசிரியரின் மொழிப்பணியில் மாணவரே வழிகாட்டியானார். ஆயினும் 1848 இல் நாவலர் அப்பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிசன் பாடசாலையிற் பெற்ற அனுபவத்தைச் சைவக் கல்விக்கே பயன்படுத்தினார். ஆசிரியரிடம் பெற்ற கல்வி ஆசிரியரின் நோக்கத்துக்கு மாறான திசையிற் சென்றது. ஆயினும் அதனை நன்றிகொன்ற செயல் என எவரும் கூறார்.

இங்குச் சிந்திக்கத்தக்க தொன்றுண்டு. நெருக்கம் எப்போதும் நன்மையே பயக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மிசன் கல்லூரிகளில் ஆசிரியரின் அன்போடு மதமாற்ற எதிர்பார்ப்பும் கலந்திருந்தது. பட்டமும் பரிந்துரையும் ஆசிரியர் கையில் உள்ளவிடத்து, மாணவர் காட்டும் இணக்கம் மரியாதையா, அச்சமா எனப் பிரித்தறிதல் எளிதன்று. இவ்வையம் அக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1952 இற் பேராதனையில் உறைவிடப் பல்கலைக்கழகம் அமைந்த பின்னர் நம் விடுதிகளுக்கும் விரிவுரையாளர் இல்லங்களுக்கும் உரியதே.

ஆதலின், வகுப்பறைக்கு வெளியேயான உறவை அளக்கும் கோல் அதன் நெருக்கமன்று. அவ்வுறவு மாணவரைத் தாமாகச் சிந்திக்கவும், வேண்டின் மாறுபடவும் விடுகின்றதா என்பதே. விசுவநாதபிள்ளைக்கு அருகில் தாமோதரம்பிள்ளை நிமிர்ந்து நின்றார். பேர்சிவலை விட்டு நாவலர் நிமிர்ந்து சென்றார். இருவகை நிமிர்வுக்கும் இடமளித்த உறவுகளே தமிழுக்குப் பயன் தந்தன.