வேட்டை ரைபிளின் புதுநிலைத் துல்லியம்

ஆலையிலிருந்து வந்த போல்ட் ரைபிள், எந்தத் திருத்தமும் செய்யாமல் குண்டுகளை எவ்வளவு நெருக்கமாகப் பதிக்கிறது என்பதே புதுநிலைத் துல்லியம். அளவுகோல் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ.

துல்லியக் குறையைப் பட்டறிந்த நாடு மலாயா. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் தொடங்கியபோது, காஜாங் போன்ற ரப்பர்த் தோட்ட வட்டாரங்கள் போர்க்களமாயின. அக்காலத்தில் காட்டுப் போருக்குப் பயன்பட்ட லீ-என்ஃபீல்டு எண் 5, எடை குறைக்கச் செதுக்கிய ராணுவ ரைபிள். சரிசெய்த குறி நிலைக்காமல் நகர்கிறது என்று அதன்மேல் ஓயாத புகார். 1947இலேயே உற்பத்தி நின்றிருந்தது. எடையைக் குறைத்தால் துல்லியம் கெடலாம் என்ற இந்தப் பாடம், எடை குறைந்த இன்றைய வேட்டை ரைபிள்களுக்கும் பொருந்தும்.

இன்று கணினியால் இயங்கும் இயந்திரங்களும் குளிர்நிலையில் சுத்தியலால் அடித்து உருவாக்கும் குழல்களும் மலிவான ரைபிளையும் துல்லியமாக்கிவிட்டன. பின்லாந்தின் டிக்கா ரைபிள், மூன்று குண்டுகளுக்கு மேற்சொன்ன அளவை உறுதியளிக்கிறது. ஆனால் மூன்று குண்டு போதாது. தற்செயலாகவும் நெருங்கி விழும். பத்துக் குண்டுச் சோதனையே நம்பத்தக்கது. குழலைத் துப்பாக்கிக் கட்டை தொடுவது, தளர்ந்த திருகு, பொருந்தாத தோட்டா ஆகியவை புது ரைபிளின் வழக்கமான குறைகள். தோட்டாவை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.