லிஹாம்: ஒரு சொல்லும் ஒரு தொழிலும்

அரபு மொழியில் 'ல-ஹ-ம்' எனும் வேர்ச்சொல் பெருங்குடும்பம் ஒன்றின் தாய். தசைக்கு 'லஹ்ம்' என்று பெயர். புண் ஆறித் தசை கூடுவது 'இல்திஹாம்'. உறவின் பிணைப்பு 'லுஹ்மா'. இதே வேரிலிருந்து உலோகத் தொழிலாளர் பெற்ற சொல்லே 'லிஹாம்'. இரு உலோகத் துண்டுகளை ஒன்றாக்கும் பற்றாசை அது குறிக்கும். இப்பெயரின் பொருத்தத்தை உணர, நாம் உலைக்களத்தை நோக்க வேண்டும்.

செம்பு 1085 பாகை செல்சியசிலும் இரும்பு 1538 பாகையிலும் உருகும். மூன்று பங்கு செம்பும் இரண்டு பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையோ ஏறத்தாழ 900 பாகையிலேயே உருகிவிடும். எனவே இணைப்பில் பித்தளைத் தூளையும் வெங்காரத்தையும் இட்டுச் சூடேற்றினால், இரும்பு திடமாக நிற்கப் பித்தளை மட்டும் உருகி இடுக்கெங்கும் பரவி இறுகும். வெங்காரம் உலோகத்தின் மேற்படிந்த களிம்பைக் கரைக்கிறது. அஃதின்றேல் பித்தளை பற்றாது, துளியாய்த் திரண்டு உருண்டோடும். வெப்பம் மிகினும் கேடே. துத்தநாகம் வெண்புகையாய் வெளியேற, இணைப்பு துளைபட்டுப்போகும். புண்ணைத் தூய்மை செய்த பின்னரே தசை கூடும் என்பது மருத்துவ விதி. உலையின் விதியும் அதுவே.

இவ்வறிவைப் பேரறிஞர்கள் இழிவாகக் கருதவில்லை. மருத்துவரும் வேதியியலாருமான அபூபக்ர் அர்-ராஸீ (பிறப்பு கி.பி. 865), தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் வெங்காரங்களைத் தனி வகுப்பாகவே பிரித்து, பொற்கொல்லர் வெங்காரத்தையும் அவற்றுள் சேர்த்தார். 'பூரக்' எனும் அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'போராக்ஸ்' ஆயிற்று. இன்று துருக்கியில் தியார்பக்கிர் எனப்படும் ஆமித் நகரில், அர்துக்கிய அரசர் நாஸிருத்தீன் மஹ்மூதின் பணியிலிருந்த அல்-ஜஸரீ, 1206இல் தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். ஐம்பது கருவிகளை விளக்கும் அந்நூலில், உலோகத் தகடுகளைப் பற்றவைக்கும் வேலையும் இடம்பெறுகிறது. நீர்க்கடிகாரத்தின் கலத்தில் ஓரிடம் கசிந்தாலும் காலக்கணக்கு பிழைத்துவிடும் அன்றோ?

லிஹாம் என்பதை வெறுமனே 'இணைப்பு' என்று பெயர்த்தால் இலக்கணம் பிழைபடாது. ஆனால் பித்தளையும் வெங்காரமும் தீயின் பதமும் அச்சொல்லோடு மறைந்துபோகும். அரபு அறிவியல் நூல்களைத் தமிழாக்க முனையும் நம் மாணவர், அகராதியைப் புரட்டுவதோடு அமையாது, அருகிலுள்ள பாத்திரப் பட்டறைக்கும் சென்று கேட்டறிதல் வேண்டும். அந்நூல்களின் சொற்கள் பல பிறந்த இடம் அதுவே.