பத்துக் குழிப் பலகை

என் மேசை இழுப்பறையில் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் பத்துக் குழிகள், அவற்றில் பொருத்தப் பத்து மரத்துண்டுகள். வட்டம், சதுரம், முக்கோணம், சிலுவை, நட்சத்திரம் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். நட்சத்திரத்தின் ஒரு முனை எந்தப் பிள்ளையின் பல்லிலோ பட்டு உடைந்துவிட்டது.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சேர்க்கைக்கு வரும் அம்மாக்களில் பலர் இந்தப் பலகையை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். பரிசோதனை அறையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் உட்கார்ந்து, பிள்ளையை மூன்று முறை அடுக்கச் சொல்வார். மிகக் குறைந்த நேரத்தை வைத்து மனவயதைக் கணக்கிடுவார். “செகுயின் போர்டு டெஸ்ட் எடுத்தாச்சு மிஸ், நாலு வயசு புத்திதான்னு சொல்லிட்டாங்க” என்று ஒரு தாய் என்னிடம் சீட்டை நீட்டினார். பையனுக்கு அப்போது வயது 13. அடுத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை.

அந்தப் பெயருக்குரிய செகுயின் என்ற மனிதரோ, அந்தப் பலகையை வைத்து எவரையும் அளக்கவில்லை.

கதை அவருடைய ஆசிரியர் ழான் இத்தாரிடம் தொடங்குகிறது. 1800-இல் பிரான்சின் அவெய்ரோன் பகுதியில் காட்டிலிருந்து வந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். பேச்சு இல்லை. விக்தோர் என்று பெயரிட்டு, பாரிஸில் காதுகேளாதோர் பள்ளியில் இத்தார் ஐந்தாண்டுகள் பாடுபட்டார். சாவி, கத்தரிக்கோல், சுத்தியல் ஆகியவற்றைப் பலகையில் வரைந்து, அந்தந்தப் படத்தோடு அந்தந்தப் பொருளைச் சேர்க்கப் பழக்கினார். பேச்சு வராததால் தோற்றுவிட்டதாக நினைத்தார். எனக்கு அது தோல்வியாகவே படவில்லை. விக்தோரைப் பார்த்துக்கொண்ட கெரேன் அம்மையாருக்குச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைப்பது அவன் வேலை. அம்மையாரின் கணவர் இறந்த பிறகும் பழக்கத்தில் கணவருக்கும் ஒரு தட்டு வைத்தான். அம்மையார் அழுததைப் பார்த்ததும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். பிறகு அந்த இடத்தில் தட்டு வைக்கவே இல்லை. இதையும் இத்தாரே எழுதி வைத்திருக்கிறார்.

இத்தாரின் கடைசிக் காலத்தில் அவரிடம் வந்தவர் எதுவார் செகுயின். கையும் கண்ணும் பழகினால் புத்தி பின்னால் வரும் என்பது அவர் வழி. படியேறுதல், பொருளைப் பிடித்தல், துண்டைக் குழியில் பொருத்துதல் என்று உடம்பிலிருந்து தொடங்கினார். 1846-இல் பெரிய நூலாக எழுதினார். பிறகு அமெரிக்கா போய் அங்கும் பள்ளிகள் வளர உழைத்தார். அவர் இறந்து சில பத்தாண்டுகளில் அங்கேயே ஹென்றி கொடார்ட் போன்ற உளவியலாளர்கள் அந்தப் பலகையைப் பரிசோதனைக் கருவியாக்கினார்கள். நம் ஊருக்கு அது வந்தது அந்த உருவில்தான்.

அதே பலகைக்கு இன்னொரு கிளையும் உண்டு. ரோமில் மரியா மாண்டிசோரி என்ற இளம் டாக்டர், மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இத்தார், செகுயின் இருவரின் எழுத்தையும் இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தன் கையாலேயே படியெடுத்தார். அந்தப் பிள்ளைகளிடம் பலித்த முறையைத்தான் 1907-இல் மற்றக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று நகரத்தில் தெருவுக்குத் தெரு மாண்டிசோரி நர்சரி இருக்கிறது. முறை பிறந்ததே எந்தப் பிள்ளைகளுக்காகவோ, அவர்களில் ஒருவரை அந்த வாசலுக்குக் கூட்டிப்போனால், “வேற ஸ்கூல் பாருங்கம்மா” என்ற பதிலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இது அநியாயம்.

எனக்கு வழிகாட்டியது சென்னையிலேயே உருவான ஒன்று. விஜய் ஹியூமன் சர்வீசஸில் ஜெயச்சந்திரனும் விமலாவும் தொகுத்த ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’. சாப்பிடுவது, உடுப்பது, கழிப்பறை, பணம், நேரம், வீட்டு வேலை என 18 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் எளியதிலிருந்து கடினமானதற்கு 20 படிகள், ஆக 360. ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றுதான்: செய்கிறானா, இன்னும் இல்லையா? இன்னும் இல்லை என்று வரும் முதல் படிதான் நாளைய பாடம்.

அந்த 13 வயதுப் பையன் சட்டை போட வேண்டும். கடைசியிலிருந்து தொடங்கினோம். நான் எல்லாப் பொத்தானையும் போட்டு, கடைசிப் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்து விடுவேன். அவன் இழுத்தால் போதும், வேலை முடித்தவன் அவன்தான். அது கைக்கு வந்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. ஐந்து பொத்தானுக்கு ஏழு மாதம் பிடித்தது. அடுத்த ஆண்டு பணம். பத்து ரூபாய்த் தாளையும் இருபது ரூபாய்த் தாளையும் பிரித்தறிய ஒரு பருவம் முழுக்கப் போயிற்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள். மனவயது எழுதிய சீட்டு கையில் இருந்தால், அதைக் கொடுத்தவரிடமே “அடுத்த படி என்ன?” என்று கேளுங்கள். பலகைக்கு எங்கும் அலைய வேண்டாம், தெருமுனைத் தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், கடிகாரம் வேண்டாம்.

அந்தப் பையனுக்கு இப்போது 34 வயது. காலையில் ஆவின் பூத்துக்குப் போய்ப் பால் வாங்கி வருவது அவன்தான்.